ஊசிக்கு முன்னால் வரும் வலி

தடுப்பூசி போடுகிற ஊசியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதன் வழியாக உள்ளே போகிற மருந்தும் பெரும்பாலும் அரை மில்லிதான். குத்தி, மருந்தை ஏற்றி, வெளியே எடுக்கச் சில விநாடிகள் போதும். ஆனால் “நாளைக்கு ஸ்கூலுக்கு ஊசி போட வர்றாங்களாம்” என்ற சேதி காதில் விழுந்ததிலிருந்தே வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது. ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. மறுநாள் வரிசையில் நிற்கும்போது உள்ளங்கை வியர்க்கிறது. முன்னால் நிற்பவன் முகம் சுளிப்பதைப் பார்த்ததும் நம் கையே வலிப்பதுபோல் இருக்கிறது. இத்தனைக்கும் ஊசி இன்னும் நம்மைத் தொடவே இல்லை!

இதைப் பார்க்கிற பெரியவர்கள், “சும்மா பயம்டா, வலியெல்லாம் மனசுலதான்” என்பார்கள். அப்படிச் சொல்லிக் கேட்ட பிள்ளைக்குத் தன் வலியைப் பொய் என்கிறார்களே என்று வருத்தமாக இருக்கும். அந்த வருத்தம் நியாயமானது. பயத்தால் கூடுகிற வலி கற்பனை வலி கிடையாது. அது மூளையிலும் தண்டுவடத்திலும் கருவி வைத்துப் பார்க்கக்கூடிய நிஜ மாற்றம். பயம் வலியைக் கூட்டும் என்றால், வேறு சில விஷயங்கள் அதைக் குறைக்கவும் வேண்டும், இல்லையா? அந்தக் கதையைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஊசி குத்தும்போது என்ன நடக்கிறது? தோலுக்குள் மெல்லிய நரம்பு முனைகள் ஏராளமாக இருக்கின்றன. ஏதாவது குத்தினால், சுட்டால், நசுக்கினால் அவை சேதி அனுப்பும். சேதி இரண்டு வகை இழைகளில் போகிறது. ஒன்று வேகமானது, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இன்னொன்று மிக மெதுவானது, விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. வாசல் நிலையில் கால் விரலை இடித்துக்கொண்டால் இதை நீங்களே கவனிக்கலாம். முதலில் சுரீரென்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, “ஐயோ, இப்போ வரும் பாரு” என்று நாம் காத்திருக்கும்போதே, ஆழமாக ஒரு வலி விண்ணென்று ஏறும். இரண்டுமே ஒரே இடியிலிருந்து புறப்பட்ட சேதிகள்தான். ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது, மற்றது நடந்து வந்தது.

அந்தச் சேதியில் ‘வலி’ என்று எதுவும் எழுதியிருக்காது என்பதுதான் ஆச்சரியம். “இந்த இடத்தில் ஏதோ குத்துகிறது” என்ற தகவல் மட்டும் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. அதை எவ்வளவு வலியாக உணர்வது என்பதை மூளை அந்த ஒரு தகவலை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நாம் எங்கே இருக்கிறோம், ஆபத்து இருக்கிறதா, போன தடவை என்ன ஆயிற்று, பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது.

இதை உலகம் நம்பும்படி எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர். ஹார்வர்டில் மயக்க மருந்துத் துறைப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவராகப் போனார். 1944-இல் இத்தாலியில் ஆன்சியோ என்ற கடற்கரையில் கடும் சண்டை. குண்டு பாய்ந்து, எலும்பு முறிந்து, வயிறு கிழிந்த வீரர்களைத் தூக்கி வந்தார்கள். பீச்சர் ஒவ்வொருவரிடமும், “வலி இருக்கிறதா? வலி குறைய மருந்து வேண்டுமா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்! மயக்கத்தில் சொன்ன பதில் கிடையாது, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு வலியை உணரும் சக்தியே போய்விட்டதா? அதுவும் இல்லை. பீச்சர் கூர்மையாகக் கவனித்த ஒன்று நம் கதைக்கு ரொம்ப முக்கியம். பெரிய காயத்தோடு வலியே இல்லை என்று படுத்திருந்த அதே ஆள், யாராவது ரத்தக்குழாயில் சரியாக ஊசி குத்தத் தெரியாமல் குத்தினால், நம்மைப் போலவே கத்தினாராம்!

ஏன் இப்படி? பீச்சர் சொன்ன விளக்கம் இது. அந்த வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்திலிருந்து விடுதலை. இனி ஆஸ்பத்திரி, கட்டில், அப்புறம் வீடு. உயிர் பிழைத்தோம் என்ற நிம்மதி அவன் மூளையில் நிறைந்திருந்தது. போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய பீச்சர், அறுவை சிகிச்சை முடிந்த சாதாரண நோயாளிகளிடமும் இதே கேள்வியைக் கேட்டார். அவர்களில் பெரும்பாலானோர் மருந்து கேட்டார்கள். அவர்களுக்கு அறுவை சிகிச்சை என்பது கவலை, செலவு, இனி என்ன ஆகுமோ என்ற பயம். காயத்தின் அளவு மட்டும் வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை என்று 1956-இல் அவர் எழுதினார்.

சரி, மூளை இதை எப்படிச் செய்கிறது? 1965-இல் கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளரும், இங்கிலாந்தைச் சேர்ந்த பாட்ரிக் வால் என்ற நரம்பியலாளரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் சேதி ஏறும் இடத்தில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது அகலத் திறந்தால் சேதி முழுசாக மேலே போகும். ஒருக்களித்துச் சாத்தினால் கொஞ்சம்தான் போகும். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, ஏன்? தொடுவதை உணரும் நரம்பு இழைகள் வலிச் சேதி கொண்டுவரும் இழைகளைவிட வேகமானவை. அவை வந்து கதவைக் கொஞ்சம் சாத்திவிடுகின்றன. பாட்டிமார் இடித்துக்கொண்ட இடத்தை நீவிவிடுவது வெறும் பாசம் மட்டும் இல்லை, நரம்பியலும்கூட.

கதவைக் கீழேயிருந்து மட்டும் சாத்த முடியும் என்பதில்லை. மூளையிலிருந்தும் நரம்புகள் கீழே இறங்கி வந்து அதே இடத்தில் முடிகின்றன. மூளை நினைத்தால் சாத்தவும் செய்யும், திறந்துவிடவும் செய்யும். தெருநாய் துரத்தி ஓடும்போது முழங்காலில் பட்ட சிராய்ப்பு வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரிகிறது? உயிர் தப்புவதே அவசரம் என்ற நேரத்தில் மூளை கதவைச் சாத்திவிடும். ஆனால் உட்கார்ந்த இடத்தில், “எப்போ வருமோ, எப்படி இருக்குமோ” என்று காத்திருக்கும் கவலை இதற்கு நேர்மாறு. என்ன வரப்போகிறது என்று தெரியாததால், சின்னச் சேதியைக்கூட விட்டுவிடக் கூடாது என்று மூளை கதவை அகலத் திறந்து வைக்கிறது. ஊசிக்காகக் காத்திருக்கும்போது நமக்கு நடப்பது இதுதான்.

மூளை கதவைச் சாத்தப் பயன்படுத்தும் மருந்தை அதுவே தயாரித்துக்கொள்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் மூளைக்குள்ளேயே இருக்கும் வலி நிவாரணிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் எண்டார்ஃபின். மூன்று ஆண்டுகள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் மூவர் இன்னும் ஒரு படி போனார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். வலி குறையும் என்று நம்பியவர்களில் சிலருக்கு நிஜமாகவே குறைந்தது. பிறகு நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது எண்டார்ஃபின் போன்றவற்றை வேலை செய்ய விடாமல் தடுக்கும். உடனே குறைந்திருந்த வலி திரும்ப ஏறியது. அப்படியென்றால், “இது சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை உடம்புக்குள் ஒரு ரசாயனத்தைச் சுரக்க வைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்!

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆரோக்கியமான 22 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். காலில் ஒரு சின்னக் கருவி வைத்துச் சூடு கொடுத்தார்கள். தோல் புண்ணாகாது, ஆனால் வலிக்கும். கையில் சலைன் பாட்டில் ஏற்றுவதுபோல ஒரு குழாய். வலியை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகச் சொல்ல வேண்டும். மருந்து ஏறும் முன்பு சராசரி 66.

அடுத்து, அவர்களிடம் சொல்லாமலே ரெமிஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். மதிப்பெண் 55-க்கு இறங்கியது. மருந்து தன் வேலையைச் செய்தது. பிறகு, “இப்போதுதான் மருந்தை ஏற்றப்போகிறோம்” என்றார்கள். மருந்தின் அளவை மாற்றவே இல்லை, ஆனாலும் மதிப்பெண் 39-க்குப் போய்விட்டது. கடைசியாக, “மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்” என்றார்கள். உண்மையில் நிறுத்தவில்லை. மருந்து அதே அளவில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மதிப்பெண் 64!

ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். அத்தனை வலுவான மருந்து ரத்தத்தில் ஓடும்போதே, “வலிக்கப்போகிறது” என்ற எதிர்பார்ப்பு அதன் பலனைக் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சோதனை முழுவதும் ஸ்கேன் கருவிக்குள் நடந்தது. மதிப்பெண் ஏறும்போதும் இறங்கும்போதும் மூளையில் வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடும் கூடவே ஏறி இறங்கியது.

அப்படியானால் ஊசி போடும் முன் நம்மிடம் சொல்லப்படும் வார்த்தையும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதையும் சோதித்தார்கள். பிரசவத்துக்கு வந்த 140 தாய்மார்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். பாதிப் பேரிடம், “பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்” என்றார்கள். மீதிப் பேரிடம், “இந்த மருந்து அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும், அப்புறம் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்” என்றார்கள். போட்டது ஒரே ஊசி. வலிக்கு பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது தேனீ என்று கேட்டவர்கள் பக்கம் 5, மற்றவர்கள் பக்கம் 3. 2010-இல் வெளிவந்த முடிவு இது.

நம் ஊரில் தேனீயைவிட எறும்புதான் பிரபலம். “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், கண்ணு” என்று சிஸ்டர் சொல்லாத ஆஸ்பத்திரி உண்டா? அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கட்டெறும்பிடம் கடி வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கடிதானே ஞாபகம் வரும்! “வலிக்கவே வலிக்காது” என்பதோ அதைவிடத் தவறு. ஊசி குத்தியதும் அது பொய் என்று தெரிந்துவிடும், அடுத்த தடவை அந்தப் பிள்ளை யாரையும் நம்பாது. “இப்போ ஊசி போடப்போறேன். ஒரு அழுத்தம் தெரியலாம், லேசாகச் சுருக்குன்னு இருக்கலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்” என்பதே போதும். உண்மையும் அதில் இருக்கிறது, பயமுறுத்தலும் இல்லை.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிள்ளைகளின் வலியை ஆராய்கிறவர்கள் கண்டுபிடித்தது கேட்கவே விசித்திரமாக இருக்கும். ஊசி போடும்போது அப்பாவோ அம்மாவோ, “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, பயப்படாதே” என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பிள்ளையின் பயம் கூடிப்போகிறதாம். காரணம் எளிது. ஒன்றுமே இல்லை என்றால் அப்பா ஏன் இவ்வளவு தடவை சொல்கிறார், அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று பிள்ளை யோசிக்கிறது. அந்த நேரத்தில் கிரிக்கெட் பற்றியோ வீட்டுப் பூனை பற்றியோ பேசினால் பிள்ளைக்கு அதைவிட உதவியாக இருக்கும்.

காத்திருப்பதும் ஒரு தனி வேதனை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் காலில் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து இதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தால் குறைவான அதிர்ச்சி, உடனே வேண்டுமென்றால் கூடுதல் அதிர்ச்சி, எது வேண்டும் என்று கேட்டார்கள். சிலர் கூடுதல் அதிர்ச்சியையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்! காத்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்திருக்கிறது. ரொம்பப் பயப்படுகிற ஆளாக நீங்கள் இருந்தால், பள்ளியில் ஊசி போடும் நாளில் ஆசிரியரிடம், “சார், எனக்கு முதல்லயே போட்டுடச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கடைசியில் போய் ஒளிந்துகொள்வதால் பயம்தான் வளரும்.

வரிசையில் நிற்கும்போதே தலைசுற்றி விழுகிறவர்களும் உண்டு. பெரிய பையன்கள்கூட விழுவார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாதாரணமாகப் பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசியையும் ரத்தத்தையும் பார்த்துப் பயப்படும் சிலருக்கு மட்டும் அது முதலில் ஏறிவிட்டு, சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால்தான் அந்தத் தலைசுற்றல். இதற்கு சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் ஒரு வழி சொன்னார். உட்கார்ந்துகொண்டு கால், தொடை, வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடியுங்கள். முகம் லேசாகச் சூடாவது தெரியும். பிறகு அரை நிமிடம் சாதாரணமாக விடுங்கள். இப்படி நான்கைந்து தடவை செய்தால் அழுத்தம் இறங்காமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்திருக்க வேண்டும். இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும். தலைசுற்றுவதுபோல் இருந்தால் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்தே போடுவார்கள்.

தீக்காயம் பட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் படும் வலிக்கு முன்னால் ஊசி எம்மாத்திரம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வேதனைதான். மருந்து கொடுத்தாலும் போதாது. சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்ற இருவர் அவர்களுக்காகவே ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டால் சுற்றிலும் பனிமலை. பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிந்துகொண்டே போகலாம். கட்டு மாற்றும் நேரத்தில் இதை விளையாடியவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. கவனிப்பதற்கு மூளைக்கு ஓர் எல்லை உண்டு. அதில் பெரும் பங்கை விளையாட்டு எடுத்துக்கொண்டால் வலிக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மெழுகுவத்தியை அணைப்பதுபோல் மெதுவாக, நீளமாக வாயால் ஊதுங்கள். ஊசியைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சிலருக்குப் பார்த்தால்தான் நிம்மதி, சிலருக்குத் திரும்பிக்கொண்டால்தான் நிம்மதி. நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது யார் கையையாவது பிடித்துக்கொள்ளுங்கள். “எவ்வளவு நேரம் ஆகும், என்ன மாதிரி இருக்கும்?” என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீமும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவ வேண்டும் என்பதால், அடிக்கடி ஊசி போட வேண்டியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

ஜப்பானில் 2005-இல் நுனி வெறும் 0.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசியைத் தயாரித்தார்கள். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்கான ஊசி அது. ஊசிகள் இன்னும் மெலியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊசி எவ்வளவு மெலிந்தாலும் பயத்தை நாம் ஊட்டி வளர்த்துக்கொண்டே இருந்தால் பயன் குறைவு. அதனால் இந்தக் கடைசிப் பத்தியை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களே, “சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊசியைத் தண்டனை என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது கூடுதலாகவே வலிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைக்குப் போகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். எங்கே போகிறோம், எதற்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காமல் மடியில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். அழுதால் அழ விடுங்கள், திட்டாதீர்கள்.